விலங்குப் படப்புத்தகத்தை வைத்து ஒரு வார வகுப்பு: புதிய ஆசிரியர்களுக்கு

"ஒரு விலங்குப் படப்புத்தகத்தை எடுத்து இந்த வாரம் பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்துங்கள்" என்று சொல்வது சுலபம். சொன்னவர் போய்விடுவார். நம் கையில் ஒரு மெல்லிய புத்தகம் இருக்கும், எதிரே மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். இணையத்தில் தேடினால் முகமூடி, வண்ணம் தீட்டும் தாள், பொம்மலாட்டம் என்று யோசனைகள் கொட்டும். எதை முதலில் செய்வது, எவ்வளவு நேரம் பிடிக்கும், யாரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்க வேண்டும், எதற்குக் காசு செலவழிக்கக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதிவைக்கிறேன். நீங்களாவது அலையாமல் இருக்கலாம்.

தொடங்கும் முன் ஓர் அளவுகோலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யோசித்திருக்கும் செயல்பாட்டின் நடுவே ஒரு பிள்ளை எழுந்து வந்து, "டீச்சர், புத்தகத்தைத் திறந்து பாக்கட்டா?" என்று கேட்க வேண்டிய தேவை வருமா? வரும் என்றால் அது நல்ல செயல்பாடு. புத்தகமே இல்லாமல் அதைச் செய்து முடித்துவிடலாம் என்றால் அது வெறும் கைவேலை. கைவேலை தப்பில்லை, ஆனால் அதற்கு இந்தப் புத்தகம் எதற்கு?

1. புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள் (வகுப்புக்கு இரண்டு வாரம் முன்னால்)

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்கு இருபத்தைந்து பக்கத்துக்குப் பக்கமாக மிஞ்சும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதுவே அதிகம். இந்த வயதினருக்குப் பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி உள்ள புத்தகம் போதும். ஐந்து, ஆறு வயதுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

வாங்கும் முன் புத்தகத்தை விரித்து ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய் நின்று பாருங்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தெரியப்போவது அதுதான். விலங்கு எது, பின்னணி எது என்று அங்கிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றால், எவ்வளவு அழகான ஓவியமாக இருந்தாலும் அது மடியில் வைத்துப் படிக்க வேண்டிய புத்தகம். கூட்டத்துக்கு உதவாது.

அடுத்து, திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது பக்கத்துக்குள் பிள்ளைகள் அந்த வரியை நம்மோடு சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அப்படி ஒரு வரி கிடைத்துவிட்டால் வகுப்பில் பாதி வேலை முடிந்த மாதிரி. விலங்குகள் ஐந்து முதல் எட்டு வரை இருந்தால் சௌகரியம். அதற்கு மேல் போனால் அட்டை செய்யவே உங்கள் இரவு போய்விடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. படத்தில் உள்ளது உண்மையா என்று பார்க்க மறந்துவிடுவோம். பனிக்கரடியும் பென்குவினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படங்கள் ஏராளம். பனிக்கரடி இருப்பது ஆர்க்டிக்கில். பென்குவின்கள் வாழ்வது கிட்டத்தட்ட முழுக்கத் தென்கோளத்தில். இயற்கையில் இரண்டும் பார்த்துக்கொள்ளவே வழியில்லை. ஒட்டகம் திமிலில் தண்ணீர் சேர்த்து வைக்கிறது என்று எழுதியிருப்பார்கள், அங்கே இருப்பது கொழுப்பு. சிலந்தியைப் பூச்சிகளோடும், வௌவாலைப் பறவைகளோடும் சேர்த்து வரைந்திருப்பார்கள். இதற்காக மட்டும் ஒரு புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. சட்டை போட்ட கரடி கதைக்குள் தாராளமாக வரட்டும். ஆனால் எந்தப் பக்கத்தில் தவறு இருக்கிறது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் "இந்தப் பக்கத்தில் ஒன்று நிஜத்தில் நடக்காது, கண்டுபிடியுங்கள்" என்று விட்டால் அதுவே ஒரு நல்ல செயல்பாடாகிவிடும்.

2. தாள்களைத் தயார் செய்யுங்கள் (ஒரு வாரம் முன்னால்)

இது சலிப்பான வேலைதான். ஆனாலும் பின்னால் வரும் தலைவலிகளில் பெரும்பாதி இதைச் செய்யாததால் வருபவை. நான்கு தாள்கள் தேவைப்படும்.

முதலாவது, ஒரு பக்கத் திட்டம். புத்தகத்தின் பெயர், எந்த வயது, ஐந்து நாளும் என்னென்ன, எதற்காக, என்ன பொருட்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் தலைமையாசிரியரும் படிக்க மாட்டார், நீங்களும் திரும்பப் பார்க்க மாட்டீர்கள். "எதற்காக" என்ற இடத்தில் "மொழித்திறன் மேம்பாடு" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், "கதையின் மூன்று நிகழ்ச்சிகளை வரிசை மாறாமல் சொல்வார்கள்" என்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதாக எழுதுங்கள்.

இரண்டாவது, பெற்றோருக்கான கடிதம். அதில் மூன்று விஷயம் கேட்க வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது ஒவ்வாமை உண்டா (முகப்பூச்சு, பசை, இறகு, ரப்பர் பலூன் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்), எந்த விலங்கையாவது கண்டு மிகவும் பயப்படுமா, வகுப்பில் படம் எடுக்கச் சம்மதமா. ஒவ்வாமைக் கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் எல்லோரும் "இல்லை" என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். கையெழுத்தான தாள்கள் திரும்பி வரச் சாவகாசம் ஆகும். திங்கட்கிழமை வகுப்பு என்றால் வெள்ளிக்கிழமை கொடுத்தால் போதாது, முந்தின வாரத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, புத்தகத்தின் உரிமை பற்றிய குறிப்பு. புத்தகத்தைக் கையில் பிடித்து வகுப்பில் வாசிப்பது பிரச்சனையில்லை. முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பதும், நீங்கள் வாசிப்பதைப் பக்கம் பக்கமாக வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுவதும் வேறு கதை. அதற்குப் பதிப்பாளரின் அனுமதி வேண்டும். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். பிரதி எடுத்தே ஆக வேண்டும் என்றால் திறந்த உரிமம் உள்ள புத்தகமாகத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் உள்ள கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. தமிழிலும் உண்டு. பதிவிறக்கலாம், அச்சிடலாம், திரையில் காட்டலாம். எழுதியவர், வரைந்தவர், வெளியிட்டவர் பெயர்களை மட்டும் விடாமல் குறிப்பிட வேண்டும். அந்தப் பெயர் வரியை வெட்டிவிட்டு அச்சிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

நான்காவது, உங்களுக்கான கவனிப்புத் தாள். அதைப் பற்றிக் கடைசியில்.

3. எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

காசு போட வேண்டிய இடம் புத்தகம். கெட்டி அட்டைப் பிரதி கிடைத்தால் அதையே வாங்குங்கள், முடிந்தால் இரண்டு பிரதி. ஒன்று உங்கள் கைக்கு, ஒன்று பிள்ளைகள் கைக்கு. அட்டைகளை லேமினேட் செய்வதற்கும் செலவழிக்கலாம். அடுத்த வருடமும் அதே அட்டை உழைக்கும். லேமினேட் செய்த அட்டையின் மூலைகள் கூராக இருக்கும் என்பதால் நான்கு மூலையையும் வளைவாக வெட்டிவிடுங்கள்.

கயிறு, சாக்பீஸ், பழைய அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் அச்சான தாள் இதெல்லாம் எப்படியும் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் விலங்கு பொம்மைச் செட்டு அவசரத் தேவை இல்லை. வாங்கினால் அளவைப் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வகுப்பில் இருந்தால், சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக நுழைந்துவிடும் எதையும் தரக் கூடாது. அது தொண்டையையும் அடைக்கும். ஒட்டுவதற்கான குட்டிக் கண்கள், மணிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

காசு போடவே வேண்டாதது, ரெடிமேடாக விற்கும் "செயல்பாட்டுத் தொகுப்பு". பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வண்ணம் தீட்டும் தாள்கள்தான் இருக்கும். கோட்டுக்குள் வண்ணம் அடிப்பதற்கும் அந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

உயிருள்ள விலங்கைக் கொண்டுவரலாமே என்று யாராவது ஆர்வமாகச் சொல்வார்கள். கோழிக்குஞ்சு, ஆமை, தவளை இவை பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கக் கூடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கடுமையான நோயாக மாறலாம். இந்த யோசனைக்கு நான் முடியாது என்றே சொல்லிவிடுவேன்.

4. நேரத்தைப் பிரியுங்கள்

நாள் ஒன்றுக்கு முப்பது முதல் நாற்பது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். திங்கள் வாசிப்பு மட்டும். செவ்வாய் மறுவாசிப்பும் உடலசைவும். புதன் வகைப்படுத்தல். வியாழன் அளவும் தடமும். வெள்ளி பிள்ளைகளின் சொந்தப் புத்தகம். ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் புத்தகத்தை ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும். "மறுபடியும் அதேயா" என்று சலித்துக்கொள்பவர்கள் நாம்தான். பிள்ளைகளுக்கு மூன்றாவது வாசிப்பில்தான் படத்தின் மூலையில் ஒளிந்திருக்கும் எலி கண்ணில் படும்.

திட்டத்தில் யாரும் எழுதாத நேரம் ஒன்று இருக்கிறது. பாயில் வந்து உட்கார ஐந்து நிமிடம், கை கழுவ வரிசையில் நிற்க ஐந்து நிமிடம், சிதறிய தாளை எடுத்துவைக்க ஐந்து நிமிடம். நாற்பது நிமிடத்தில் கால் மணி நேரம் இப்படியே போய்விடும். மீதி இருபத்தைந்துக்குத்தான் திட்டம் போட வேண்டும். பெயிண்ட் பயன்படுத்தினால் காய வைக்கத் தனியாக இடமும் நேரமும் வேண்டும். அதனாலேயே நான் பெயிண்டைத் தொடுவதில்லை. க்ரேயான் போதும்.

5. முதல் நாள்: வாசிப்பு

மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது சரியாக வந்துவிட்டால் மீதி நாட்கள் தாமாக நடக்கும்.

பிள்ளைகள் தரையில் இருந்தால் நீங்கள் ஒரு தாழ்வான முக்காலியில் உட்காருங்கள். புத்தகம் உங்கள் முகத்துக்குப் பக்கவாட்டில், பிள்ளைகளின் கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். கீழ்ப்புறத்தின் நடுவில், முதுகு மடிப்புக்கு அடியில் ஒரு கையால் பிடியுங்கள், மறுகையால் பக்கத்தின் மேல் மூலையைத் திருப்புங்கள். படத்தின் மீது விரல் விழக் கூடாது. உங்களுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும், அவர்களுக்குப் படம் கறுப்பாகத்தான் தெரியும். இடத்தை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்புத் தாள் என்றால் விளக்கின் எதிரொளியையும் பாருங்கள்.

வாசிப்பதற்கு முன்னால் எழுத்தைத் தொடாமல் படங்களை மட்டும் ஒரு சுற்று காட்டலாம். கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் காட்டாதீர்கள். "என்ன நடக்கப்போகுது?" என்று கேட்டுவிட்டு மூடிவிடுங்கள்.

பிறகு வாசிப்பு. நடுவே கேட்கும் கேள்விகளில்தான் பலரும் சறுக்குகிறோம். "தவளை என்ன நிறம்?" "பச்சை!" என்று கோரஸ் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதே பக்கத்தில் "தவளை ஏன் இலைக்குப் பின்னாடி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை "கொக்கு வருது" என்று சொல்லும். உடனே அடுத்த பக்கத்துக்கு ஓடாமல் அங்கேயே நில்லுங்கள். "ஆமாம், கொக்கு வருது" என்று ஒத்துக்கொள்ளுங்கள். அதையே ஒரு படி நீட்டி, "கொக்கு வருதுன்னு தவளை இலைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். பிறகு, "எங்கே, நீ சொல்லு பாக்கலாம், தவளை ஏன் ஒளிஞ்சிருக்கு?" என்று அந்த நீண்ட வாக்கியத்தைப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவையுங்கள். கேட்பது, ஒத்துக்கொள்வது அல்லது மெதுவாகத் திருத்துவது, விரிப்பது, திரும்பச் சொல்லவைப்பது என்ற இந்த நான்கும்தான் உரையாடல் வாசிப்பு என்று சொல்லப்படுவதன் சாரம். எல்லாப் பக்கத்திலும் இப்படிச் செய்தால் கதை செத்துவிடும். ஒரு வாசிப்புக்கு மூன்று பக்கம் போதும். எந்த மூன்று பக்கம் என்று முன்பே முடிவு செய்து ஒட்டுத்தாள் ஒட்டி, கேள்வியை அதிலேயே எழுதிவைத்துவிடுங்கள். கூட்டத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு நல்ல கேள்வியை யோசிக்க முடியாது.

கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடமாக இருக்கும், பிள்ளைகளுக்கு அது யோசிக்கும் நேரம்.

6. இரண்டாம் நாள்: உடலும் ஒலியும்

மறுவாசிப்பின்போது வரும் விலங்குகளைப் போல அசைவது. வெறுமனே "யானை மாதிரி நடங்க" என்றால் எல்லோரும் ஒரு கையை மூக்கில் வைத்து ஆட்டுவார்கள், அவ்வளவுதான். கூர்ந்து பார்க்க வேண்டிய ஓர் அசைவைக் கொடுங்கள். நண்டு பக்கவாட்டில் போகும். ஒட்டகமும் ஒட்டகச்சிவிங்கியும் நடக்கும்போது ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் கிட்டத்தட்ட ஒன்றாக முன்னே வரும், ஐந்து வயதுப் பிள்ளைகள் நான்கு காலில் இதை முயன்று பார்த்தால் குப்புற விழுந்து சிரிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஆந்தை. ஆந்தையால் நம்மைப் போலக் கண்ணை உருட்ட முடியாது, அதனால் தலையைத்தான் திருப்பும், கிட்டத்தட்ட 270 பாகை வரைக்கும். "கண்ணை அசைக்காம பக்கத்துல இருக்கறவங்களைப் பாருங்க" என்று சொல்லுங்கள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். கூச்சல் அதிகமாகும்போதெல்லாம் நான் ஆந்தையைத்தான் கூப்பிடுவேன்.

அசைவுக்கு முன்னால் நிறுத்தும் சைகையைப் பழக்கிவிடுங்கள். ஒரு கைதட்டல், எல்லோரும் சிலை. இதைப் பழக்காமல் சிங்கத்தை அவிழ்த்துவிட்டால் மறுபடி கூண்டுக்குள் கொண்டுவரவே முடியாது.

ஒலிக்கு நம் மொழியில் பஞ்சமே இல்லை. யானை பிளிறும், குதிரை கனைக்கும், புலி உறுமும், நரி ஊளையிடும், மயில் அகவும், ஆந்தை அலறும், காகம் கரையும், வண்டு முரலும். பட்டியலாக மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம், பரீட்சைக்கு அது பின்னால் வரத்தான் போகிறது. புத்தகத்தில் "யானை வந்தது" என்று இருக்கும் இடத்தில் நீங்கள் நிறுத்தினால் பிள்ளைகள் பிளிற வேண்டும். பிறகு "யானை என்ன செஞ்சுது?" "பிளிறிச்சு!" சொல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இருப்பார்கள். காதைப் பொத்துபவர்களைப் பக்கம் திருப்பும் வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கௌரவமான வேலையாகவும் இருக்கும்.

7. மூன்றாம் நாள்: அட்டைகளைப் பிரித்தல்

புத்தகத்தில் வரும் விலங்குகளையும், வராத நான்கைந்தையும் அட்டையில் வரைந்து நான்கு பேருக்கு ஒரு கட்டு என்று கொடுங்கள். எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் சொல்லக் கூடாது. "எதெல்லாம் சேர்ந்து இருக்கணுமோ சேர்த்து வையுங்க." ஒரு குழு கால் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கும், ஒரு குழு நிறத்தை வைத்து, இன்னொன்று "இது என்னைக் கடிக்கும், இது கடிக்காது" என்று பிரிக்கும். எல்லாமே சரி. "ஏன் இதை இங்க வெச்சீங்க?" என்று கேட்பதுதான் உங்கள் வேலை.

வேண்டுமென்றே சில தொந்தரவு அட்டைகளைச் சேருங்கள். வௌவால், திமிங்கலம், பென்குவின், ஆமை. "பறக்கிறது எல்லாம் பறவை" என்று அடுக்கிய குழு வௌவால் அட்டையைப் பிடித்துக்கொண்டு திண்டாடும். விடையை உடனே போட்டு உடைக்காதீர்கள். "வௌவால் முட்டை போடுமா, குட்டி போடுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது சண்டை சூடு பிடித்திருக்கும். மூன்று வயதினருக்கு இந்த அட்டைகள் வேண்டாம், ஆறு விலங்கும் இரண்டு பெட்டியும் போதும்.

8. நான்காம் நாள்: அளவும் தடமும்

வெளியே இடம் இருந்தால் இந்த நாளைத் தவறவிடாதீர்கள். புத்தகத்தில் யானையும் எலியும் ஒரே பக்கத்தில் ஒரே உயரத்தில் இருக்கும், பிள்ளைகளுக்கு நிஜ அளவு தெரிய வழியில்லை. முந்தின நாள் மாலையே கயிறுகளை அளந்து வெட்டி, ஒவ்வொன்றிலும் பெயர் கட்டிவிடுங்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு ஐந்து மீட்டர், அதன் பிறந்த குட்டிக்கு 1.8 மீட்டர் (குட்டியே டீச்சரை விட உயரம் என்றால் நம்பவே மாட்டார்கள்), பெரிய ஆண் யானையின் தோள் உயரத்துக்கு மூன்று மீட்டர், நீலத்திமிங்கலத்துக்கு முப்பது மீட்டர். திமிங்கலக் கயிற்றை ஒரு முனையிலிருந்து விரித்துக்கொண்டே போகும்போது பிள்ளைகள் "இன்னுமா? இன்னுமா?" என்று கூடவே ஓடி வருவார்கள். பிறகு அதன் மேல் வரிசையாகப் படுக்கச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு திமிங்கலம்? எண்ணிப் பார்த்து சார்ட்டில் எழுதுங்கள். அன்றைய கணக்குப் பாடமும் முடிந்தது.

முப்பது மீட்டருக்கு இடமில்லை என்றால் திமிங்கலத்தை விட்டுவிடுங்கள். மடித்து மடித்துக் காட்டினால் பிரயோஜனமே இல்லை.

தடத்துக்குச் சாக்பீஸ் போதும். தரையில் நாய்த் தடமும் பூனைத் தடமும் வரையுங்கள். நாய்த் தடத்தில் விரல்களுக்கு முன்னால் நகக் குறி இருக்கும். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் தடத்தில் பெரும்பாலும் நகக் குறி இருக்காது. வாத்துக்கு விரல்களுக்கு இடையே சவ்வு, கோழிக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. "யார் இந்தப் பக்கம் போனாங்க?" என்று தொடங்கினால் குனிந்து பார்ப்பார்கள், அப்புறம் புத்தகத்தை எடுத்து வந்து காலைத் தேடுவார்கள். பல ஓவியர்கள் காலைப் புல்லுக்குள் மறைத்துவிடுவார்கள், அதையும் பிள்ளைகளே கண்டுபிடித்துப் புகார் சொல்வார்கள்.

9. ஐந்தாம் நாள்: அவர்களுடைய புத்தகம்

ஒரு ஏ4 தாள் போதும், பசையும் பின்னும் வேண்டாம். தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். குட்டையான ஓரங்கள் இரண்டும் சேரும்படி ஒருமுறை மடியுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே ஒரு கட்டத்தின் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவே ஒரு கீறல் இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் கீறல் விரிந்து சதுரமாகி, நான்கு இதழ்கள் வரும். சுற்றி மடித்தால் முன்னட்டை, பின்னட்டை, உள்ளே ஆறு பக்கம். இதைப் பிள்ளைகள் செய்ய மாட்டார்கள், நீங்கள்தான் முந்தின நாளே செய்து வைக்க வேண்டும். முதல் ஒன்று பத்து நிமிடம் படுத்தும், பழகிவிட்டால் ஒரு நிமிடத்துக்கு ஒன்று வந்துவிடும். தலைக்கு ஒன்று போக ஐந்தாறு கூடுதலாகச் செய்யுங்கள். யாராவது கிழிப்பார்கள், யாராவது தம்பிக்கு ஒன்று கேட்பார்கள்.

ஆறு பக்கத்தில் புத்தகத்தின் அதே வரியை வைத்துப் புதிய விலங்குகளோடு தங்கள் கதையை வரையட்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். "யானை பறந்து போச்சு" என்றால் யானை பறந்துதான் போக வேண்டும். படத்தைத் திருத்துவதும் கூடாது. பெயரும் தேதியும் பின்னட்டையில்.

முகமூடி செய்யலாமா என்று கேட்பீர்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. கண் ஓட்டை சரியாக அமையாது, இலாஸ்டிக் அறுந்துபோகும், வெட்டுவதும் ஒட்டுவதும் நம் வேலையாகிவிடும். செய்தே ஆக வேண்டும் என்றால் முகத்தை மூடாமல் நெற்றியில் கட்டும் பட்டையாகச் செய்யுங்கள், காது மட்டும் அவர்கள் வெட்டட்டும்.

10. நடுவே வரும் சிக்கல்கள்

பாம்புப் பக்கம் வந்ததும் ஒரு பிள்ளை அழுதால் பக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள், மறைத்தால் பயம் பெருகும். பெற்றோர் தந்த தாளில் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தனியாக, சின்னதாக, முதலில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் காட்டுங்கள். புத்தகத்தை மூடும் அதிகாரத்தையும் அதன் கையில் கொடுங்கள்.

எல்லா விடையையும் முந்திக்கொண்டு சொல்லும் பிள்ளைக்கு அட்டை பரிமாறும் பொறுப்பு. வாயே திறக்காத பிள்ளையைக் கூட்டத்தின் முன் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். விரலால் காட்டச் சொல்லுங்கள், அதுவும் பதில்தான். ஓட முடியாத, குதிக்க முடியாத பிள்ளை இருந்தால் கையால் மட்டும் செய்யும் அசைவுகளை எல்லோருக்கும் சேர்த்தே வையுங்கள்.

11. எதைக் குறித்துவைப்பது

கவனிப்புத் தாளில் மூன்றே பத்தி போதும்: பெயர், சொன்னது, தேதி. "நன்றாகப் பங்கேற்றார்" என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது. "வௌவாலுக்குக் காது இருக்கு, பறவைக்குக் காது தெரியாது" என்று பிள்ளை சொன்னதை அப்படியே எழுதினால், பெற்றோர் சந்திப்பில் காட்ட அதைவிடச் சிறந்த தாள் வேறில்லை. ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள், வாரத்துக்குள் கணிசமானவர்கள் வந்துவிடுவார்கள். வகுப்பு முடிந்த கையோடு எழுத வேண்டும், மாலையில் எழுதலாம் என்று விட்டால் யார் சொன்னது என்பது மறந்துபோகும். படங்களைச் சம்மதம் தந்தவர்கள் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

வாரம் முடிந்ததும் புத்தகத்தை அலமாரிக்குள் பூட்டிவிட வேண்டாம், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் முன்னட்டை தெரியும்படி வையுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எல்லாப் புத்தகமும் ஒன்றுதான். கிழியத்தான் செய்யும். சாதாரண செல்லோடேப் சில மாதத்தில் மஞ்சளாகி உரிந்துவிடும், புத்தகம் ஒட்டுவதற்கென்றே வரும் ஒட்டுப்பட்டை ஒரு சுருள் வாங்கி மேசை டிராயரில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.